சாப்பாட்டு நேரம் யார் கையில்?

தமிழகத்தின் பல்கலைக்கழக, கல்லூரி விடுதிகளை நிர்வகிக்கும் வார்டன்களுக்கும், மெஸ் கமிட்டிகளில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த மடல்.

கொரோனாவுக்குப் பிறகு வந்த மாணவர்களைப் பற்றி நீங்கள் சொல்லும் குறைகள் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. மெஸ்ஸில் சமைத்தது மீந்துபோகிறது. இரவு பதினொரு மணிக்கு விடுதி வாசலில் டெலிவரி வண்டிகள் வரிசை கட்டுகின்றன. காலை டிபனுக்கு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் ஒரு கையில் தட்டு, மறுகையில் செல்போன் என்று யாரோடும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஊரடங்கு பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்பதில் அந்தப் பேச்சு வந்து முடிகிறது. குறைகள் உண்மையானவை, முடிவுதான் சரியில்லை. பெருந்தொற்று மாணவர்களின் உணவையும் உறக்கத்தையும் மாற்றியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது எந்த வழியாக மாற்றியது என்று பார்த்தால், மாணவரின் சொந்தப் பழக்கம் என்று நாம் எண்ணியிருந்ததில் பெரும்பகுதி நீங்கள் வகுத்துக் கொடுத்த நேரமும் இடமும் விலையும்தான் என்பது விளங்கும். அவை 2020 மார்ச்சில் ஒரே வாரத்தில் இல்லாமல் போயின. பழக்கங்களும் கூடவே போயின. பிறகு விடுதிகளைத் திறந்தோம், பூட்டைத் திறந்த அளவோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். பழக்கத்தைத் திரும்பக் கட்டும் பொறுப்பில் முதல் பங்கு உங்களுடையது என்பதே இந்த மடலின் வாதம்.

காலவரிசையை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் பலருக்கு அது ஒரே நீண்ட விடுமுறையாகத்தான் நினைவில் இருக்கிறது. 2020 மார்ச் 17 அன்று தமிழகக் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன; 25ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அந்த ஜூனில் சென்னை மாநகராட்சி அண்ணா பல்கலைக்கழக விடுதிகளைக் கொரோனா சிகிச்சை மையத்துக்காகக் கேட்டது. டிசம்பர் 7இல் இளநிலை இறுதியாண்டு மாணவர்கள் திரும்பினார்கள். மற்றவர்கள் 2021 பிப்ரவரி 8இல். மார்ச் இறுதியில் மறுபடியும் மூடல். செப்டம்பர் 1இல் திறப்பு, 2022 ஜனவரியில் ஒமிக்ரானால் மூடல், பிப்ரவரி 1இல் திறப்பு. 2020இல் சேர்ந்த ஒருவருக்கு முதலாண்டில் மெஸ் கண்ணில் பட்டதே சில வாரங்கள்தான். இது வெறும் நாள் கணக்கு என்று தோன்றலாம். ஆனால் விடுதியில் சாப்பிடக் கற்றுக்கொடுப்பது வார்டனோ அறிவிப்புப் பலகையோ கிடையாது, சீனியர்கள். எந்த நேரம் போனால் தோசை சூடாகக் கிடைக்கும், எந்தக் கிழமை இரவு என்ன போடுவார்கள், சாம்பார் நீர்த்துப்போனால் யாரிடம் சொல்ல வேண்டும், மெஸ் ரெப்பாக யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதெல்லாம் அவர்களிடமிருந்து ஜூனியர்களுக்கு வருகிறவை. ஏறக்குறைய ஈராண்டு அந்தக் கைமாற்றம் நின்றுபோனது. அன்று படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள், இன்னும் ஏன் பழங்கதை என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: ஆட்கள் போய்விட்டார்கள், அறுந்த இடம் அப்படியே இருக்கிறது. இன்று உங்களிடம் வந்திருப்பவர்களும் அன்று பள்ளிப் பாடத்தைச் செல்போனில் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

பழக்கம் தனிமனிதரின் மன உறுதியைவிட இடத்தைச் சார்ந்தது என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு. பெருந்தொற்றுக்கு முன்பே அவர்களுடைய நடையும் உறக்கமும் கருவிகளால் அளக்கப்பட்டு வந்தன. அதனால் நோய் வந்த பிறகு பழையதை நினைவிலிருந்து சொல்லும்படி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முன்னும் பின்னும் ஒப்பிட எண்கள் இருந்தன. 2021இல் வெளியான அதன் முடிவுப்படி, 682 மாணவர்களின் சராசரி நடை நாளுக்கு 10,000 அடியிலிருந்து 4,600 அடியாகச் சரிந்தது. பிறரோடு பழகும் நேரம் பாதிக்கும் கீழே போய் 30 நிமிடத்தைக்கூட எட்டவில்லை. திரை பார்க்கும் நேரம் இரண்டு மடங்குக்கு மேலாகி 5 மணி நேரத்தைத் தாண்டியது. 2020 மார்ச் முதல் ஜூலை வரை மனச்சோர்வு அபாயத்தில் இருந்தவர்களின் பங்கு 46 முதல் 61 விழுக்காடு வரை இருந்தது. இனி நடப்பதில்லை என்று அந்த மாணவர்கள் யாரும் முடிவெடுக்கவில்லை. வகுப்புக்கும் நூலகத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் இடையே தூரம் இருந்ததால் நடந்தார்கள். தூரம் போனது, நடையும் போனது. அந்த ஆய்வின் இன்னொரு பகுதி உங்களுக்கு இன்னும் முக்கியம். குறுகிய காலத்துக்கு ஊக்கம் கொடுத்து மாணவர்களை மறுபடி நடக்க வைத்துப் பார்த்தார்கள். நடையை மீட்க முடிந்தது. மனநிலையில் சொல்லத்தக்க முன்னேற்றம் வரவில்லை. போன நடையோடு ஆட்களும் பேச்சும் போயிருந்தன, அவற்றை அடிக் கணக்கு கொண்டுவரவில்லை என்று நான் அதைப் படிக்கிறேன். மாணவருக்கு ஆரோக்கிய அறிவுரை சொல்லி ஒரு கருத்தரங்கு நடத்தினால் கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள் இந்த முடிவைச் சற்று நேரம் யோசித்துப் பார்க்கலாம்.

எல்லா மாற்றமும் கெடுதலாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது வழக்கமான ஒப்பாரியாகிவிடும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 139 மாணவர்களிடம் 2020இல் நடந்த ஆய்வில், வீட்டிலிருந்து படித்தபோது அவர்கள் வார நாட்களில் உறக்கத்துக்கு ஒதுக்கிய நேரம் ஏறக்குறைய அரை மணி கூடியது. படுக்கும், எழும் நேரங்கள் சுமார் 50 நிமிடம் பின்னுக்குத் தள்ளிப்போயின. வாரநாள், வாரஇறுதி வேறுபாடு குறைந்து உறக்கம் முன்பைவிட ஒழுங்கானது. அதாவது காலை வகுப்பின் கட்டாயம் விலகியதும் அந்த வயது உடல் தன் நேரத்தைத் தேடிக்கொண்டது. இத்தாலியில் 2020 ஏப்ரலில் 3,533 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் எடை கூடியதாக உணர்ந்தார்கள். ஆனால் அந்நாட்டின் மரபான உணவு முறையை அதிகம் ஒட்டி நின்றவர்கள் 18 முதல் 30 வயதினர்தான். ஊரடங்கில் இளைஞர்கள் எல்லாரும் சிப்ஸ் பொட்டலத்தோடு சோபாவில் கிடந்தார்கள் என்ற சித்திரம் இந்த எண்களுக்குப் பொருந்தவில்லை. சூழல் மாறியது, அதற்கேற்ப நல்லதும் கெட்டதும் சேர்ந்தே நகர்ந்தன.

இத்தகைய ஆய்வுகளை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் காலத்தின் பெரும்பாலான உணவுக் கணக்கெடுப்புகள் இணையத்தில் படிவம் அனுப்பி நடத்தப்பட்டவை. செல்போனும் டேட்டாவும் பதில் எழுதும் மனநிலையும் இருந்தவர்களே அவற்றில் வருவார்கள். வறிய வீட்டு மாணவர் கணக்கிலேயே வரமாட்டார். தன் எடையைத் தானே சொல்கிறவர் எடைபோட்டுப் பார்க்கிறவருமில்லை. ஆகவே எத்தனை விழுக்காட்டினர் காலை உணவைத் தவிர்த்தார்கள் என்பது போன்ற எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவியால் அளந்த நடையும், முன்பின் ஒப்பிட்ட உறக்கமும் வேறு தரத்தவை. அவை அமெரிக்க மாணவர்களுடையவை என்பதும் உண்மை. ஆனால் அவை காட்டும் விதி, நேரமும் இடமும் போனால் பழக்கம் போகும் என்பது, நம் விடுதிகளுக்குப் பொருந்தாது என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நம் மாணவர்கள் திரும்பிப் போன வீடுகள் ஒரே மாதிரியானவை அல்ல. அம்மா கையால் சாப்பிட்டு உடம்பு தேறி வந்தவர்கள் உண்டு. அதை வைத்து, வீட்டுக்குப் போனது நல்லதுதானே என்று வாதிடுவோர் மற்ற வீடுகளையும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் மாநில அரசு கொடுத்தது. மத்திய அரசு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் கொடுத்தது. பெரும் பட்டினியைத் தடுத்தது ரேஷன் கடைதான், அதில் மிகையில்லை. ஆனால் தினக்கூலி நின்ற வீட்டில் அரிசி இருந்தது, முட்டையும் கீரையும் பழமும் காசு இருந்த நாளில் மட்டும் வந்தன. கல்லூரி மாணவிக்கோ வீடு திரும்புவது என்பது அடுப்படிக்கும் திரும்புவது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் வரிசையில் மறுபடி நிற்பது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட மாநிலத்தில் ஒரு மாணவியின் தட்டிலிருந்து முட்டை விலகுவது சிறிய செய்தியாகாது. அந்த மாதங்களில் உணவைப் பற்றி ஊரெங்கும் ஓயாமல் பேசினோம், ஆனால் இஞ்சி, மிளகு, கபசுரக் குடிநீர், எதிர்ப்பு சக்தி என்ற அளவில். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் வீட்டுக்கே கொடுத்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டாவை அரசு இலவசமாக அறிவித்தது, 9.69 லட்சம் பேருக்கு. அது தேவையான உதவி, குறை சொல்லவில்லை. அந்த வயதினருக்கு நாளுக்கு எவ்வளவு டேட்டா வேண்டும் என்று கணக்குப் போட்ட நாம், எவ்வளவு புரதம் வேண்டும் என்று அதே அக்கறையோடு கேட்கவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

இனி திரும்பி வந்த பிறகு நடந்ததற்கு வருகிறேன். 2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டபோது, ஒரே மெஸ்ஸில் பலரும் கூடியதை அதிகாரிகள் ஒரு காரணமாகச் சுட்டினார்கள். அதன் பிறகு உணவைப் பொட்டலமாக அறைக்கே அனுப்பினார்கள். அந்த நேரத்தில் அது சரியான முடிவு. முகக்கவசத்தைக் கழற்றி, எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பேசிக்கொண்டே சாப்பிடும் கூடத்தைவிடக் கிருமிக்கு வசதியான இடம் கிடையாது. ஆனால் சேர்ந்து சாப்பிடுவது ஆபத்து, தனியே அறையில் சாப்பிடுவது பொறுப்பு என்று மாணவர்களுக்கு அந்த நாட்களில் நாம்தான் கற்பித்தோம். இடைவெளி விட்டு உட்கார், பேசாதே, சாப்பிட்டதும் எழுந்து போ என்பவை விதிகளாக இருந்தன. விதிகளை விலக்கிக்கொண்டபோது, இப்போது பழையபடி சேர்ந்து சாப்பிடலாம், சாப்பிட வேண்டும் என்று அதே அழுத்தத்தோடு சொன்ன விடுதி எத்தனை? பார்சல் டப்பாவும் செல்போனும் மாணவர்களின் ஒழுக்கக் குறைவிலிருந்து முளைத்தவை என்று பேசுவதற்கு முன், அவற்றில் பாதியை நம் சுற்றறிக்கைகள் நட்டு வைத்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் இழப்பு வயிற்றோடு நிற்கவில்லை. இரண்டு நாளாக ஒருவன் சாப்பிட வரவில்லை என்பது மெஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். வார்டனுக்கோ ஆலோசகருக்கோ அது மிகத் தாமதமாகத்தான் வந்து சேரும்.

மெஸ் பில்லைக் கணக்கிடும் டிவைடிங் முறையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் அது மாணவரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைப் பார்க்கக் கேட்கிறேன். மாதச் செலவைச் சாப்பிட்ட நாட்களால் வகுப்பது நேர்மையான கணக்கு. ஒப்பந்தக்காரரின் லாபம் அதில் இல்லை. ஆனால் சமையல்காரர் சம்பளம், கேஸ், மின்சாரம் ஆகியவை ஆள் குறைந்தாலும் அதே விகிதத்தில் குறைவதில்லை. இறுதியாண்டு மாணவர்கள் மட்டும் திரும்பிய மாதங்களில் இருந்தவர்கள் தலையில் அது ஏறியிருக்கும். இப்போதும் வெளியே சாப்பிடுகிறவர் மெஸ் கட் (சாப்பிடாத நாட்களுக்கான விலக்கு) வாங்கினால் மிச்சமிருப்பவர் பில் கூடுகிறது. வாங்காவிட்டால் அவர் இரண்டு இடத்தில் பணம் கொடுக்கிறார். பில்லைக் குறைப்பதுதான் மெஸ் ரெப்பின் சாதனை என்று ஆகிவிட்டதால் முதலில் வெட்டுப்படுவது முட்டை, பழம், பொரியல். தட்டு மெலிகிறது, மெலிந்த தட்டை விட்டுவிட்டு மாணவர் ஆப்பைத் திறக்கிறார், பில் இன்னும் ஏறுகிறது. பிரியாணி மோகம் என்று நீங்கள் அழைப்பதற்கு ஒரு பகுதிக் காரணம் இந்த வட்டம். மோகமே இல்லை என்று சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் யாருக்குத்தான் இல்லை?

வளர்ந்தவர்கள் அவர்கள், வாக்களிக்கும் வயது வந்தவர்கள், என்ன சாப்பிடுவது என்பதைக்கூட நாங்களா பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உங்கள் தரப்பின் வலுவான கேள்வி. வளர்ந்தவர்கள் என்ற வாதம் சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் வருகிறது என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. பல மகளிர் விடுதிகளில் மாலையானால் கேட் பூட்டப்படுகிறது. அந்த வேளையில் ஆண்கள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பும் லேபும் முடிந்து மாணவிக்கு நடக்கவோ ஓடவோ கிடைக்கும் நேரம் அதுதான். அதைப் பூட்டிவிட்டு, பெண்களுக்கு உடற்பயிற்சிப் பழக்கமில்லை என்று எந்தக் கணக்கெடுப்பில் எழுதினாலும் அது கேட்டைப் பற்றிய தகவல்தான். நுழையும் நேரம், வெளியேறும் நேரம், விளக்கணைக்கும் நேரம் எல்லாவற்றையும் நிர்ணயிக்கும் நிர்வாகம், சாப்பிடும் நேரம் மாணவரின் சொந்த விருப்பம் என்று ஒதுங்க முடியாது. நான் கேட்பது கூடுதல் கட்டுப்பாடும் அல்ல. யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று கைரேகை வைத்துப் பட்டியலெடுத்துப் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் யோசனை யாருக்காவது வந்தால் அதை முதல் கூட்டத்திலேயே நிராகரியுங்கள். அது மாணவர்களை மெஸ்ஸிலிருந்து இன்னும் தூரம் விரட்டும்.

பணம் இல்லை என்பது மறுக்க முடியாத தடை. அரசு நல விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுத் தொகை 1,100 ரூபாயாக இருந்தது. 2023இல்தான் 1,500 ஆனது. நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. அந்தத் தொகையில் சத்துணவு போடுங்கள் என்று காப்பாளருக்கு உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பெருந்தொற்று காட்டியவற்றில் பல, செலவில்லாமலோ குறைந்த செலவிலோ சரிசெய்யக்கூடியவை. எட்டரை மணிக்கு டிபனை மூடிவிட்டு ஒன்பதுக்கு வகுப்பு வைத்தால், உறக்கத்துக்கும் இட்லிக்கும் இடையே மாணவர் உறக்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். கொலராடோ ஆய்வு சொல்வதை வைத்துப் பார்த்தால் அவர் உடல் அப்படித்தான் கேட்கிறது. முதல் வகுப்பை அரை மணி தள்ளுவது உங்கள் கையில் இல்லாவிட்டால், டிபனை அரை மணி நீட்டுவது உங்கள் கையில் இருக்கிறது. இரவு எட்டரைக்கு மெஸ்ஸைப் பூட்டினால், பதினொரு மணிப் பசிக்கு வாசலில் நிற்கும் வண்டியைத் தவிர வேறு வழியில்லை. பாலோ சுண்டலோ வாழைப்பழமோ பத்தரை வரை கிடைக்கும்படி ஒரு மேசை போட்டால் அந்தப் பசியில் ஒரு பங்கு உள்ளேயே தீரும். இதற்காகச் சமையல்காரர்களை இன்னும் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தால் அது இன்னொரு அநியாயம். அவர்களில் பலர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஷிப்டைப் பிரித்து, ஆளைக் கூட்டித்தான் செய்ய வேண்டும், அதற்கான செலவை மறைக்காமல் பில்லில் காட்ட வேண்டும். மெஸ் கமிட்டியில் அவர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள். எது மீந்தது, எது தீர்ந்தது, எந்த மாதத்திலிருந்து கூட்டம் குறைந்தது என்பது கணக்குப் புத்தகத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு தொற்று வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே எழுதி வைக்கக் கேட்கிறேன். விடுதியை மூடும் உத்தரவு மேலிருந்து வரும், அதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் மூடும் நாளில் மாணவர் கட்டிய மெஸ் முன்பணம் எத்தனை நாளில் அவர் கணக்குக்குத் திரும்பும், நல விடுதியின் உணவுத் தொகை ஊருக்குப் போன மாணவரைப் பின்தொடர்ந்து பணமாகவோ பொருளாகவோ போய்ச் சேர யார் கையெழுத்து வேண்டும், ஊருக்குப் போக வழியில்லாத வெளிமாநில மாணவர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் எந்த மெஸ் திறந்திருக்கும், கூட்டத்தைத் தவிர்க்க நான்கு பந்திகளாகப் பிரித்தால் நேரம் என்ன, திரும்பி வரும் புது மாணவருக்கு மெஸ்ஸை அறிமுகம் செய்யும் பொறுப்பு எந்த சீனியர்களுடையது என்பவை ஒரு பக்கத்தில் அடங்கும் விஷயங்கள். அரசிடம் கூடுதல் தொகை கேட்டுப் போகும்போதும் அந்தப் பக்கமும், மீந்த சோற்றின் மாதக் கணக்கும் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். புதிய சேர்க்கை தொடங்குவதற்கு முந்தைய மெஸ் கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், பில் தொகைக்கு அடுத்த வரியாகவாவது இதைச் சேருங்கள்.